அம்மா இல்லாத முதல் தீபாவளி, முதல் பொங்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மா போனபிறகு பண்டிகை நெருங்கினாலே வீட்டில் யாராவது ஒருவர் மெதுவாக ஒரு கேள்வியை எடுப்பார்கள். தங்கை கேட்டது, மதினி கேட்டது, அப்பா கேட்காமல் விட்டது, பிறகு அதே நிலைமைக்கு வந்த தோழிகள் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டுக் கேட்டது எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், இப்போது சென்னையில் இருக்கிறோம், அதனால் உதாரணங்கள் எல்லாம் அந்த ஊர் வாசனையோடுதான் வரும். சடங்கு விஷயத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கே முதல் மரியாதை. ஆனால் பெரியவர்கள் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷத்துக்குப் பண்டிகையே கிடையாது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் வழக்கம் அப்படித்தான். தலைத் திவசம் முடியும்வரை அந்த வீட்டில் பண்டிகை இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். எங்கள் பக்கத்தில் எண்ணெய்ச்சட்டி வைக்கக்கூடாது என்பார்கள், அதாவது அந்த வீட்டில் பலகாரம் சுடக்கூடாது, சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பொங்கலுக்கு வாசலில் பானை வைக்காமல் அடுப்படியிலேயே பொங்கி முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு, அதுவும் கூடாது என்கிறவர்களும் உண்டு. புதுத்துணி, பட்டாசு, வாசலில் பெரிய கோலம் இதெல்லாம் பொதுவாக இல்லை.

இந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரே போடாகப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அம்மா போன வருஷம் மாவு இடிக்கவும் கை நிறைய மஞ்சளோடு வாசலில் நிற்கவும் யாருக்குத் தெம்பு இருக்கிறது? செய்யாமல் இருக்க ஊரே அனுமதி கொடுக்கிறது, மேலே பலகாரமும் அவர்களே கொண்டுவருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருந்தால் அதன் கையில் ஒரு கம்பி மத்தாப்பைக் கொடுங்கள், அதைத் தடுக்க எந்த ஆச்சியும் வரமாட்டாள்.

இஸ்லாமியக் குடும்பங்களில் கணக்கே வேறு. கணவனை இழந்த மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள், மற்றவர்களுக்குத் துக்கம் மூன்று நாள்தான். அம்மா போன வருஷமும் பெருநாள் உண்டு, தொழுகை உண்டு. கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள், அன்று கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தபிறகுதான் கிறிஸ்துமஸ் பேச்சு. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் கிறிஸ்துமஸுக்கும் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் உண்டு, அதனால் கீழே பலகாரம் பற்றி வருவது அவர்களுக்கும் பொருந்தும்.

நான் கட்டிக்கொடுத்த மகள். புகுந்த வீட்டில் தீபாவளி கொண்டாடலாமா?

பல குடும்பங்களில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அந்த ஒரு வருஷக் கட்டுப்பாடு கிடையாது. பிராமணக் குடும்பங்களில் அவளுக்குத் தீட்டே மூன்று நாள்தான். வழக்கப்படி நீங்கள் கொண்டாடலாம், சரி. ஆனால் கேள்வி வழக்கத்தைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்குப் பிடிக்கவில்லை, மாமியார் 'உனக்குத்தான் தீட்டு இல்லையே' என்று புதுப்புடவையை நீட்டுகிறார், அதுதானே? ‘இந்த ஒரு வருஷம் எனக்கு வேண்டாம் அத்தை’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் செய்வதைச் செய்துவிட்டு நீங்கள் பழைய புடவையில் இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. மறுபக்கமும் உண்டு: உங்களுக்குக் கொண்டாடத் தோன்றினால் கொண்டாடுங்கள், ‘அம்மா போய் ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள’ என்று பேசுகிறவர்கள் நீங்கள் மூலையில் உட்கார்ந்தாலும் வேறு ஏதாவது பேசுவார்கள்.

அந்த ஒரு வருஷம் சரியாக எப்போது முடியும்?

ஆங்கிலத் தேதியை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி, இந்த மூன்றுதான் வேண்டும். இறந்த நேரத்தையும் எழுதி வையுங்கள், ஏனென்றால் திதி நடுப்பகலிலும் மாறும், நடுராத்திரியிலும் மாறும். இதை முதல் வாரத்திலேயே ஒரு டைரியில் எழுதிவிடுவது நல்லது, பிறகு பஞ்சாங்கத்தைத் திருப்பிக்கொண்டு அண்ணன் தம்பிகள் சண்டை போடுவதைப் பார்க்கச் சகிக்காது.

தீபாவளியும் பிறைக்கணக்கில் வருவதால் அதுவும் நகரும்: 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. அம்மா ஐப்பசி அமாவாசையை ஒட்டிப் போயிருந்தால் திவசமும் தீபாவளியும் ஒவ்வொரு வருஷமும் பக்கத்துப் பக்கத்திலேயே வரும். தீபாவளி அன்றே திதி விழுந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். முதலில் திதி, பிறகுதான் மற்றது. திதி கொடுக்கிறவர் அன்று எண்ணெய்க் குளியல் எடுப்பதில்லை, வாசலில் கோலமும் திதி முடியும்வரை இல்லை. குழந்தைகளுக்குத் தனியாக எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டிவிடலாமா என்பதை மட்டும் உங்கள் சாஸ்திரிகளிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அன்று காலை நாலு மணிக்கு விவாதம் வேண்டாம்.

‘தீபாவளி வாழ்த்துகள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் என்ன பதில் போடுவது?

அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நன்றி என்று ஒரு வார்த்தை போதும். தெரிந்தும் அனுப்பியிருந்தால் அதற்கும் நன்றி போதும்.

தலையில் எண்ணெய் யார் வைப்பது?

இந்தக் கேள்வியைப் பெரிய ஆட்களே கேட்கிறார்கள், நாற்பது வயது ஆண்கள். விடியக்காலை நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் ஓமமும் போட்டுக் காய்ச்சி, மணையில் உட்காரவைத்து, உச்சந்தலையில் மூன்று சொட்டு வைத்து அழுத்தித் தேய்த்துவிட்ட கை இப்போது இல்லை. வருஷம் முழுக்க அம்மாவை நினைக்காதவனுக்குக்கூட அந்த நேரத்தில் தொண்டை அடைக்கும்.

வழக்கம் என்னவென்றால் வீட்டில் மூத்தவர் வைக்க வேண்டும். அத்தை, சித்தி, பெரியம்மா யார் இருந்தாலும் சரி. யாரும் இல்லையென்றால் அப்பா. அப்பா கையால் எண்ணெய் வைத்துக்கொண்டதே இல்லையே என்பீர்கள், இனிமேல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தலைத் திவசம் முடிந்த பிறகு வந்த தீபாவளியில் அப்பாவிடம் கிண்ணத்தை நீட்டினோம், மனுஷருக்கு எவ்வளவு எண்ணெய் என்றே தெரியாமல் காதுவரைக்கும் வழியவிட்டுவிட்டார். சீயக்காய் போடப் போட எண்ணெய் போகவில்லை. அதில் எல்லாரும் சிரித்தோம்.

அம்மா செய்த அதிரசம் எங்களுக்கு வரவே இல்லை. என்ன தப்பு?

எழுதி வைக்காததுதான். அதிரசம் எல்லாருக்கும் கைவருகிற பலகாரம் இல்லை, அம்மாவுக்கே முதல் சில வருஷம் உதிர்ந்திருக்கும், அவள் சொல்லியிருக்கமாட்டாள்.

அடிப்படை இதுதான். மாவுப் பச்சரிசியை ஊறவைத்து வடித்து, வேட்டித்துணியில் நிழலில் பரப்ப வேண்டும். முழுக்கக் காயக்கூடாது, அள்ளினால் கையில் ஈரம் தெரிய வேண்டும், அந்தப் பதத்தில் இடிக்க வேண்டும் அல்லது மெஷினில் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கும் காய்ந்த அரிசி மாவில் அதிரசம் வராது, வந்தாலும் அது அதிரசம் இல்லை. ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ வெல்லம், பாகு வெல்லம் என்று கேட்டு வாங்குங்கள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். உருளாமல் கரைந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை, அந்தப் பதத்தில் மாவைச் சேர்த்தால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகும். உருண்டை கல்லாக இறுகி, தட்டில் போட்டால் சத்தம் கேட்டால் தாண்டிவிட்டது, அதிரசம் கடிக்க முடியாது. ஏலக்காய், சுக்கு, எள் சேர்த்துக் கிளறி மேலே கொஞ்சம் நெய் தடவி மூடி வையுங்கள், ஒருநாளாவது இருக்கட்டும், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. சுட்டெடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயை அழுத்தி எடுக்க வேண்டும்.

இதெல்லாம் எந்தப் பாட்டியும் சொல்வாள். உங்கள் அம்மாவின் அதிரசத்துக்கு மட்டும் இருந்த அளவு எங்கே இருக்கிறது என்றால், அடுப்படியில் இருக்கும் அந்த ஒடுங்கின டம்ளரில். அம்மாக்கள் கிராம் கணக்கில் எடுப்பதில்லை, ‘அந்த டம்ளர்ல நாலு’ என்பார்கள். அந்த டம்ளரைத் தேடி எடுத்து, அதில் அரிசி நிரப்பி, மளிகைக்கடைத் தராசிலோ வீட்டுத் தராசிலோ எடை போட்டு எழுதுங்கள். உளுந்து, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் அதிலேயே அளந்து எழுதுங்கள். பாத்திரங்களைப் பங்கு பிரிக்கும்போது அந்த டம்ளர் பழைய சாமானோடு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளிக் குத்துவிளக்குக்குச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. அப்புறம் அம்மாவோடு சேர்ந்து பலகாரம் சுட்டவர்கள் யார் என்று யோசியுங்கள். எதிர்வீட்டு அக்கா, சித்தி, வீட்டுவேலைக்கு வந்தவர். அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு மகளுக்குத் தெரியாது.

அம்மா செய்த எல்லாவற்றையும் விடாமல் செய்ய வேண்டுமா?

வேண்டாம். இதில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்லப்போகிறேன்.

அம்மா காலத்துத் தீபாவளி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, அம்மா ஒருத்தியின் உழைப்பு. முறுக்குக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று வறுத்து அரைத்துச் சலித்தது, முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்தது, லேகியத்துக்குச் சுக்கு, திப்பிலி, ஓமம் இடித்து நெய்விட்டுக் கிளறியது, முந்தினநாள் ராத்திரி ஒருமணிவரை துணிக்கெல்லாம் மஞ்சள் வைத்தது, காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து இட்லியும் கறிக்குழம்பும் வைத்தது, கடைசியாகத் தான் குளித்தது. நாம் எட்டு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து ‘இந்த வருஷம் முறுக்கு கொஞ்சம் கருகிருச்சும்மா’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பலகாரம் வேண்டும், அந்த வேலை மட்டும் யாராவது செய்யட்டும் என்று நினைத்தால் அந்த யாராவது யார்? மூத்த மகள் அல்லது மருமகள். மரபைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்ணின் முதுகிலிருந்து இறக்கிய மூட்டையை இன்னொரு பெண்ணின் முதுகில் ஏற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம்: யாருக்கு எது வேண்டுமோ அவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு முந்திரிக்கொத்து இல்லாமல் தீபாவளி கிடையாது, அதனால் பயறு வறுப்பதும் உருட்டுவதும் அவன் பொறுப்பு. எனக்குக் கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை வேண்டும், பனையோலைக் குருத்து சென்னையில் எங்கே கிடைக்கும் என்று அலைகிறவள் நான்தான். லேகியம் யாருக்கும் அவ்வளவு வேண்டியதில்லை என்று தெரிந்தது, நாட்டுமருந்துக் கடையில் வாங்கிவிடுகிறோம். சீடையை யாருமே கேட்கவில்லை, அம்மா இத்தனை வருஷம் யாருக்காகச் செய்தாள் என்று தெரியவில்லை.

சிறுவீட்டுப் பொங்கல் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு உண்டு. மண்ணால் சின்னதாக வீடு கட்டி அதற்குள் தனியாகப் பொங்கல் வைத்து, மார்கழி முழுக்கப் பூசணிப்பூ செருகிய சாணி உருண்டைகளைச் சேர்த்து வைத்திருந்து ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். இதை அடுக்குமாடி வீட்டில் எப்படித் தொடர்வது? தொடரவில்லை. ஊருக்குப் போகிற வருஷம் உண்டு, போகாத வருஷம் இல்லை.

அப்பா பண்டிகையே வேண்டாம் என்கிறார்.

முதல் வருஷம் விட்டுவிடுங்கள். அதன் பிறகும் சொன்னால், அவர் வேண்டாம் என்பது பண்டிகையையா அல்லது தனக்காக யாரும் சிரமப்படுவதையா என்று பாருங்கள். அந்தத் தலைமுறை ஆண்களுக்கு எண்ணெய்ச்சட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது, பேரப்பிள்ளைகளுக்கு எவ்வளவு பணம் கொடுக்க வேண்டும் என்பதைக்கூட அம்மாதான் கவரில் போட்டுக் கொடுத்திருப்பாள். செய்யத் தெரியாத கூச்சம்தான் வேண்டாம் என்று வெளியே வருகிறது. ‘என்ன வேணும்பா’ என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்றுதான் பதில் வரும். ‘வெத்தலை, மஞ்சக்கொத்து, கரும்பு நீங்கதான் வாங்கிட்டு வரணும்’ என்று ஒரு பையைக் கையில் கொடுங்கள், போய்விடுவார். அவரைத் தனியாக விட்டுவிட்டு நாலு பிள்ளைகளும் நாலு ஊரிலிருந்து வீடியோ காலில் வந்து கையாட்டுவது மட்டும் வேண்டாம், அதற்குப் போன் பண்ணாமலே இருக்கலாம்.

அம்மா போனபிறகு பிறந்த வீட்டுச் சீர் வருமா?

அம்மா இருக்கிறவரைக்கும்தான் பிறந்த வீடு என்று ஊரில் சொல்வார்கள். தீபாவளிக்குத் துணி, பொங்கலுக்கு பானை, கரும்பு, மஞ்சள் என்று வருஷா வருஷம் நினைவு வைத்து அனுப்பியது அம்மாதான், அண்ணன் தம்பிகள் பணத்தை மட்டும் கொடுத்திருப்பார்கள். அம்மா போனதும் அவர்களுக்குத் தேதியே தெரியாது. வேண்டுமென்று மறப்பதில்லை, ஆனால் தங்கை வீட்டில் பொங்கலன்று மதியம்வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

அண்ணன் தம்பிகளுக்கு: சீரின் மதிப்பை யாரும் எடை போடவில்லை, ஐந்நூறு ரூபாயும் ஒரு கரும்பும் போதும், ஆனால் பண்டிகைக்கு முன்பே போய்ச்சேர வேண்டும். போகமுடிந்தால் நேரில் போங்கள். அக்கா தங்கைகளுக்கு: வரவில்லை என்று மனதுக்குள் வைத்துக் குமுறாமல் போன் பண்ணி ‘எங்கடா என் சீரு’ என்று கேட்டுவிடுங்கள். கனுப்பிடி (காக்கைக்கு வைக்கும் சோற்று உருண்டை) வைக்கிற வழக்கம் உள்ள வீடுகளில் பொங்கலுக்கு மறுநாள் காலை உடன்பிறந்தவர்களுக்காகத்தானே வைக்கிறீர்கள், அதை ஒரு போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினால் தானாகப் புத்தி வரும்.

அம்மாவின் கொலு பொம்மைகளை என்ன செய்வது?

பிரிப்பதானால் செட்டைப் பிரிக்காதீர்கள். தசாவதாரம் ஒரு வீட்டில் ஏழும் இன்னொரு வீட்டில் மூன்றுமாக இருப்பதில் என்ன பிரயோஜனம். யார் தொடர்ந்து படி கட்டப்போகிறார்களோ அவர்களுக்கே போகட்டும், மரப்பாச்சி மட்டும் மூத்தவளுக்கு என்று சில வீடுகளில் உண்டு. துக்க வருஷத்தில் கொலு வைக்கலாமா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பழைய காகிதக்கூழ் பொம்மைகளை அம்மாவின் பருத்திப் புடவைத் துண்டில் சுற்றி வைத்திருப்பார்கள், அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிட்டு பப்பிள் ராப் சுற்றாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

படையல், திதி எல்லாம் எந்தெந்த நாளில்?

வருஷத் திதி தவிர ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், பவானி கூடுதுறை எல்லாம் அந்த நாட்களில் நிரம்பி வழியும், முடிந்தால் வேறு அமாவாசையில் போங்கள். கணவர் இருக்கும்போதே போன பெண்களுக்கு மகாளய பட்சத்தில் நவமியைத் தனியாகச் சொல்வார்கள், அவிதவா நவமி என்று பெயர். வட மாவட்டங்களில் அப்படிப் போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகவே கும்பிடுகிறார்கள், பிராமணக் குடும்பங்களில் சுமங்கலிப் பிரார்த்தனை. இலங்கைச் சைவர்களுக்கு இன்னும் நேரடியான வழக்கம் உண்டு: அப்பாவுக்கு ஆடி அமாவாசை விரதம், அம்மாவுக்குச் சித்திரா பௌர்ணமி விரதம். சித்திரைக் கஞ்சி காய்ச்சுவது அன்றுதான்.

படையலில் வைக்கும் புதுப்புடவையை யார் கட்டுவது என்று வருஷா வருஷம் ஒரு மனக்கசப்பு வரும். முறை வைத்துக்கொள்ளுங்கள், இந்த வருஷம் மகள், அடுத்த வருஷம் மருமகள். அம்மாவுக்குப் பிடித்தது என்று எல்லாவற்றையும் இலையில் வைப்பார்கள், சர்க்கரை வியாதி என்று கடைசி பத்து வருஷம் அவளுக்கு நாம் கொடுக்காமல் பிடுங்கிவைத்த ஜாங்கிரி உட்பட.

நல்ல நாள் அதுவுமா அழக்கூடாது என்கிறார்கள்.

அடக்கினால் சாம்பார் கரண்டியைப் பிடித்திருக்கும்போது வரும். விளக்கேற்றுவதற்கு முன்னால் ஒரு அரைமணிநேரம் அம்மா படத்துக்கு முன்னால் உட்காருங்கள், வருகிறதை விட்டுவிடுங்கள், முகம் கழுவிவிட்டு வாருங்கள். பிள்ளைகள் பார்த்தால் பார்க்கட்டும், ‘ஆச்சி ஞாபகம் வந்துச்சு’ என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். ஆனால் மாதக்கணக்காகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நானும் போய்விட்டால் என்ன என்று தோன்றுகிறது என்றால் அதைப் பண்டிகைச் சோகம் என்று தள்ளிவிடக்கூடாது. 14416 அரசின் மனநல உதவி எண் (டெலிமானஸ்), இலவசம், தமிழிலேயே பேசலாம். டாக்டரையும் பார்க்க வேண்டும்.

அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போனில் இருக்கிறது, பத்திரமாக இருக்குமா?

இருக்காது, இன்றைக்கே எடுத்து வையுங்கள். அம்மாவின் நம்பருக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் அது வேறு யாருக்காவது போய்விடும், வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படுத்தாமல் இருந்தாலே பொதுவாக அழிக்கப்படும். உங்கள் போனில் இருக்கும் அரட்டை உங்களிடம்தான் இருக்கும், ஆனால் போனை மாற்றும்போது பலர் தொலைத்திருக்கிறார்கள். அந்த அரட்டையைத் திறந்து, மீடியாவோடு ஏற்றுமதி செய்து, கணினியிலும் இன்னொரு இடத்திலும் வையுங்கள், உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ‘ரசத்துக்கு புளி கம்மியா போடு’ என்கிற பதினைந்து விநாடிப் பதிவுகளைத்தான் முதலில் எடுக்க வேண்டும், கல்யாண வீடியோவில் அம்மா பேசியிருக்கவே மாட்டாள்.

வெளிநாட்டில் இருக்கிறேன், லீவும் இல்லை. என்ன செய்யலாம்?

தீபாவளி வேலைநாளில் வந்தால் அந்த வார சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், எந்த அம்மாவும் கோபித்துக்கொள்ளமாட்டாள். ஒரே ஒரு பலகாரம் போதும். பனிக்காலத்தில் வீட்டுக்குள் எண்ணெய்ச்சட்டி வைத்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும், ஜன்னலைத் திறந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மருமகள் செய்வது அம்மா செய்தது மாதிரி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சொல்கிறவர் யார்? மகனா, அவரிடம் முறுக்கு உழக்கைக் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். நாத்தனாரா, பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னதாக வரச் சொல்லுங்கள், மாவு அரைக்க ஆள் வேண்டும். மாமனார் என்றால் பேசாமல் விடுங்கள், அவர் முறுக்கைப் பற்றிச் சொல்லவில்லை. அப்புறம் அந்த மருமகளுக்கும் ஓர் அம்மா இருப்பார், அவர் கைப்பக்குவத்திலும் ஒரு முறுக்கு உண்டு. அதையும் ஒரு வருஷம் சுடட்டுமே.